ஆறு புள்ளிகளில் திறந்த அறிவுலகம்

ஆண்டுதோறும் ஜனவரி 4ஆம் திகதி உலக பிரெயில் தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018ஆம் ஆண்டு மேற்கொண்ட தீர்மானத்துக்கு அமைய 2019 முதல் இத்தினம் உலகளாவிய ரீதியில் நினைவுகூரப்படுகின்றது. ஆயினும் எமது பதுளை நகரிலோ, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய பிரதேசங்களைச் சூழ்ந்துள்ள தோட்டங்களிலோ இத்தினம் வந்து போவதை அறிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். அறியாதிருப்பது குற்றமல்ல. ஆனால் அறிந்துகொள்ள வேண்டிய தேவை இன்று முன்னெப்போதையும் விட அதிகரித்துள்ளது என்பதே எமது எண்ணம்.

பரீட்சைப் பெறுபேறுகள் இன்று இணையத்தில் வெளியாகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பம், தொழில் வாய்ப்பு அறிவித்தல், வங்கிக் கணக்கு, அரச சுற்றுநிருபம் என அனைத்தும் கணினித் திரைக்கும் கைத்தொலைபேசித் திரைக்கும் இடம்பெயர்ந்து கொண்டிருக்கின்றன. லயன் அறையில் வாழும் பார்வையுள்ள ஓர் இளைஞனுக்கு இது மலையைக் கடக்காமலே உலகை எட்டும் வழியாகும். அதே லயன் வரிசையில் வாழும் விழிப்புலனற்ற இளைஞனுக்கு இது வழியா, அன்றி இன்னுமொரு சுவரா? இவ்வினா புதியதுபோல் தோன்றினாலும் இதன் வயது 200 ஆண்டுகளாகும். அன்று அதற்கு விடை கண்டவர் ஒரு 15 வயதுச் சிறுவர். அவரது வாழ்க்கையை ஒரு தடவை மீட்டுப் பார்ப்பது இன்றைய வினாவுக்கும் ஒளியூட்டும்.

லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி பிரான்சின் தலைநகர் பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூப்வ்ரே என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை சிமோன் ரெனே குதிரைகளுக்கான சேணமும் தோல் வாரும் செய்யும் தொழிலாளி. நான்கு பிள்ளைகளில் லூயியே கடைசிப் பிள்ளை. 1812ஆம் ஆண்டு, மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடினார். ஊசி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. நோய்க்கிருமி பற்றி நூலறிவு கூடத் தோன்றாத காலம் அது. புண்ணில் ஏற்பட்ட தொற்று மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது அக்குழந்தைக்கு ஒளி முற்றாக அற்றுப் போயிற்று.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஏழைக் குடும்பமொன்றில் பார்வையிழந்த பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் வீதியோரப் பிச்சையாகவே அமைந்தது. சிமோன் ரெனே தம்பதியர் அவ்விதிக்கு இணங்கவில்லை. பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, மகனின் விரல்களை அவற்றின் மீது வைத்துத் தந்தை எழுத்தறிவித்தார் எனக் கூறப்படுகின்றது. ஊர்க் குருவான பலுயி அடிகளார் அச்சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு கிராமப் பாடசாலையிலும் சேர்ப்பித்தார். ஏனைய பிள்ளைகளுடன் ஒன்றாக அமர்ந்து, காதால் கேட்டதை மனதில் இருத்தி, வகுப்பில் முன்னணி மாணவனாகத் திகழ்ந்தார் லூயி. ஆனால் ஆசிரியர் நூலைத் திறக்கும்படி பணித்த கணமே அவரது கல்வி நின்று போயிற்று. கேட்க முடிந்தது, படிக்க முடியவில்லை.

1819ஆம் ஆண்டு பெப்ரவரியில், பத்து வயதில், பாரிஸ் நகரிலிருந்த விழிப்புலனற்ற இளைஞருக்கான அரச நிறுவனத்தில் அவர் சேர்க்கப்பட்டார். வலன்டின் ஹாயி என்னும் பெருந்தகை 1780களில் ஆரம்பித்த அப்பாடசாலை, உலகிலேயே விழிப்புலனற்றோருக்கென எழுந்த முதற் பாடசாலையாகக் கொள்ளப்படுகின்றது. கட்டடமோ பழையது, ஈரம் படிந்தது, காற்றோட்டம் குறைந்தது. பிற்காலத்தில் லூயியின் உயிரைக் கவர்ந்த காசநோய்க்கு அச்சூழலும் காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர்.

ஹாயி அமைத்த முறை இதுதான்: சாதாரண இலத்தீன் எழுத்துக்களையே பெரிதாக்கித் தடித்த தாளில் புடைத்து எழும்படி அச்சிடுதல். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவி அறிந்து, சொல்லைக் கூட்டி, வாக்கியத்தின் இறுதிக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். நூல்கள் பெரியவை, பாரமானவை, எண்ணிக்கையில் மிகச் சொற்பமானவை. அனைத்துக்கும் மேலாக, அம்முறையில் மாணவன் தானாக எதையும் எழுத இயலாது. நல்லெண்ணத்தில் பிறந்த முறைதான் அது. ஆயினும் கண்ணுக்கென உருவான எழுத்தை விரலின் மீது சுமத்தியதே அதன் அடிப்படைப் பிழையாகும்.

1821ஆம் ஆண்டில் சார்ள்ஸ் பார்பியே என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி தாம் அமைத்த புள்ளி முறையை அந்நிறுவனத்துக்கு அறிமுகப்படுத்தினார். கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகளை விரல் எளிதில் உணர்ந்து கொள்ளும் என்பதை மாணவர் உடனேயே அறிந்தனர். ஆனால் அவரது கட்டத்தில் 12 புள்ளிகள் இருந்தன. விரல் நுனி ஒரே தொடுகையில் அத்தனையையும் அறிய முடியாது. அது ஒலிகளை மாத்திரமே குறித்தது. எழுத்துக்கூட்டலுக்கோ, நிறுத்தற்குறிக்கோ, இசைக்கோ இடமிருக்கவில்லை.

அக்குறையை நிவர்த்திக்கும் பணியில் 12 வயது லூயி இறங்கினார். பகலில் பாடம், இரவில் புள்ளி என மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1824ஆம் ஆண்டு, 15 வயதில், முறை உருப்பெற்றது. இரு நிரல்கள், நிரலுக்கு மூன்று புள்ளிகள், மொத்தம் ஆறு. எந்தப் புள்ளி புடைத்துள்ளது, எது வெறுமையாயுள்ளது என்பதைக் கொண்டு 63 வெவ்வேறு குறிகளை ஆக்கலாம். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறி யாவும் அவற்றுள் அடங்கும். முழுக் கட்டமும் ஒரு விரல் நுனியின் அடியில் அமைந்துவிடும். எழுதுவதற்கு வேண்டியவை ஒரு துளைப் பலகையும் ஓர் எழுத்தாணியும் மாத்திரமே. அவரது பார்வையைப் பறித்த குத்தூசியின் வடிவை ஒத்ததே அந்த எழுத்தாணி என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கின்றது.

1829ஆம் ஆண்டு இம்முறையை விளக்கும் நூல் வெளியாயிற்று. அதில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. அனுபவத்தில் கோடுகள் விரலுக்கு இடையூறாக இருப்பதைக் கண்டு, 1837ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவற்றை நீக்கினார். பயன்படுத்துவோரின் விரலே அவருக்கு நீதிபதியாக இருந்தது. இதற்கிடையில் அவர் அதே நிறுவனத்தில் உதவி ஆசிரியராகவும், 1833 முதல் முழு ஆசிரியராகவும் பணியாற்றினார். பாரிஸ் தேவாலயங்களில் ஓர்கன் வாசிக்கும் கலைஞராகவும் விளங்கினார்.

இத்தகைய முறையை உலகம் இரு கரம் நீட்டி வரவேற்றிருக்கும் என வாசகர்கள் எண்ணக்கூடும். நடந்ததோ வேறு. மாணவர்கள் அதனை உயிராய் நேசித்தனர். நிறுவனமோ அதனைப் பாடத்திட்டத்தில் ஏற்கவில்லை. 1840ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற பணிப்பாளர் டூஃபோ புள்ளி எழுத்தை விலக்கி, புடைத்த எழுத்து முறையின் இன்னொரு வடிவத்தைப் புகுத்தினார். மாணவர் மறைவாகப் புள்ளிகளில் எழுதி வந்தனர். எதிர்ப்புக்குக் கூறப்பட்ட காரணம் கவனத்துக்குரியது. பார்வையுள்ளோர் வாசிக்க முடியாத எழுத்து, விழிப்புலனற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்றனர். அதாவது, கற்போரின் வசதியைவிடக் கற்பிப்போரின் வசதியே பெரிதாகக் கொள்ளப்பட்டது. இறுதியில் உதவிப் பணிப்பாளர் ஜோசப் குவாதே இம்முறையின் பயனை உணர்ந்து அதற்கு ஆதரவாக நின்றார். 1844ஆம் ஆண்டு புதிய கட்டடத் திறப்பு விழாவில், சபையோர் முன்னிலையில் அதன் சிறப்பு எடுத்துரைக்கப்பட்டது.

பிரிவினை என்ற குற்றச்சாட்டுக்கு லூயி பிரெயில் அளித்த விடை வாதமாக அல்ல, செயலாக அமைந்தது. பார்வையுள்ளோர் கண்ணால் படிக்கக்கூடிய சாதாரண எழுத்து வடிவத்தைப் புள்ளிகளால் அமைத்து, விழிப்புலனற்றவர் தாமே எழுதும் முறையொன்றை 1839ஆம் ஆண்டு வெளியிட்டார். பார்வையற்ற நண்பர் ஃபூக்கோ அதற்கென ஓர் இயந்திரத்தை அமைத்தார். விழிப்புலனற்ற மகன், பார்வையுள்ள தாய்க்குத் தன் கையாலேயே கடிதம் எழுத அதன் மூலம் வழி பிறந்தது. இரு உலகங்களுக்கிடையே பாலமமைக்க முன்வந்தவர் பிரிவினை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரே ஆவார்.

நீண்டகாலம் காசநோயால் வாடிய லூயி பிரெயில், 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, தமது 43ஆவது பிறந்த தினத்துக்கு இரு நாட்களின் பின்னர் காலமானார். பாரிஸ் நாளேடுகள் அச்செய்தியைப் பொருட்படுத்தவில்லை என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். இரு ஆண்டுகள் கழித்து, 1854இல், அவர் கற்று, கற்பித்து, மறுக்கப்பட்ட அதே நிறுவனம் அவரது எழுத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றது. 1878ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு அதனையே பொது முறையாகத் தெரிவு செய்தது. 1952ஆம் ஆண்டு, மறைந்து நூறாண்டு நிறைவில், அவரது எச்சங்கள் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. கைகள் மாத்திரம் பிறந்த ஊரான கூப்வ்ரேயில் வைக்கப்பட்டன. உலகுக்கு வழங்கிய கைகள் ஊருக்கு உரியவை என அவ்வூரார் கருதினர் போலும்.

அவ்வெழுத்து எமது மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. தமிழகத்தின் பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டளவில் அஸ்க்வித் அம்மையார் விழிப்புலனற்றோருக்கான கல்வியை ஆரம்பித்தார். இலங்கையில் 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் ஆரம்பித்த பாடசாலை, இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான முதன்மை நிலையமாக வளர்ந்தது. 1951ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோவின் அனுசரணையுடன் தென்னாசிய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் வடிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழ் பிரெயிலும் அதில் அடங்கும். அச்சில் 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்க மெய் பின்னே வரும்; பிரெயிலில் ஒலிக்கும் ஒழுங்கிலேயே மெய் முன்னும் உயிர் பின்னுமாக வரும். வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழியும் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே அமைகின்றது. திருக்குர்ஆனைத் தம் விரல்களால் ஓதும் விழிப்புலனற்ற முஸ்லிம்கள் இன்று உலகெங்கும் உள்ளனர்.

விழிப்புலனற்றோரின் ஆற்றல் எம் இரு சமூகங்களுக்கும் புதிய செய்தியல்ல. முதுகில் எழுத்தைத் தீட்டச் செய்து கற்றவராகக் கூறப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியாரைத் தமிழுலகம் போற்றுகின்றது. விழிப்புலனற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கொலிக்கும் பணியிலும், தாம் மதீனாவில் இல்லாத வேளைகளில் பொறுப்பாளராகவும் நியமித்ததை முஸ்லிம்கள் நன்கறிவர். லூயியைப் போன்றே இளங்குழந்தைப் பருவத்தில் பார்வையிழந்த எகிப்தின் தாஹா ஹுசைன், 1950ஆம் ஆண்டு அந்நாட்டின் கல்வி அமைச்சராகி இலவசக் கல்வியை விரிவாக்கினார். ஆற்றல் என்றும் இருந்தது, வாய்ப்பே இல்லாதிருந்தது.

இனி எம் காலத்துக்கு வருவோம். லூயி பிரெயிலின் புள்ளிகள் கணினியிலும் இடம்பிடித்துள்ளன. கணினியில் உள்ள எழுத்தை ஊசிமுனைகள் எழுந்து தாழ்ந்து பிரெயிலாகக் காட்டும் கருவிகள் உள்ளன. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருட்களும் உள்ளன. 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன், ஜேம்ஸ் தே ஆகிய இரு விழிப்புலனற்ற இளைஞர்கள் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. கைத்தொலைபேசிகளிலும் இவ்வசதி வந்துள்ளது. இணையத்தளங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டல்கள் 1999ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியாகி, 2023ஆம் ஆண்டுவரை திருத்தப்பட்டு வந்துள்ளன.

அவ்வாறாயின் தடை எங்குள்ளது? திரைவாசிப்பான் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தை வாசிக்காது. ஒரு சுற்றுநிருபத்தை ஒளிப்படப் பிரதியாக்கி இணையத்தில் இட்டால், பார்வையுள்ளோருக்கு அது கடிதம். விழிப்புலனற்றவருக்கு அது வெற்றுத்தாள். படத்துக்கு விளக்கம் எழுதாவிடின் அங்கு மௌனமே மிஞ்சும். விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களுக்குப் பெயரிடாவிடின் எதில் பெயர், எதில் முகவரி என அறிய வழியில்லை. கோணலான எழுத்துக்களைப் பார்த்துத் தட்டச்சிடும்படி கோரும் சோதனை, மனிதரா இயந்திரமா எனப் பிரித்தறிய வந்தது. விழிப்புலனற்ற மனிதரையும் அது வெளியே நிறுத்திவிடுகின்றது.

தமிழுக்கு இன்னுமொரு தடை இருந்தது. 2000களின் முற்பகுதியில் தமிழ் இணையப் பக்கங்கள் பல, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களிலேயே வெளியாகின. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, கணினிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே இருந்தது. திரைவாசிப்பானும் அதையே உளறியது. யுனிகோட் என்னும் ஒருங்குறி பரவலானதன் பின்னரே தமிழ் தமிழாக ஒலிக்கலாயிற்று. இக்குற்றத்தில் தமிழ் ஊடகத்துறைக்கும் பங்குண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்பழைய எழுத்துருக்களில் தயாரித்து, படமாக்கிப் பகிரப்படும் அறிவித்தல்கள் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

ஹாயி கண்ணுக்குரிய எழுத்தை விரல் மீது சுமத்தினார். இன்று கண்ணுக்கென அமைத்த பக்கத்தைச் செவி மீது சுமத்துகின்றோம். பிழை ஒன்றே, காலமும் கருவியும் மாத்திரமே வேறு.

ஊவாவின் தோட்டப்புறங்களில் இப்பிழையின் விலை அதிகம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 16 இலட்சம் பேர் ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்ந்தனர். அவற்றுள் பார்வைச் சிரமமே மிகப் பரவலானதாகும். லூயி சிறுவனாகப் பயணித்த தூரம் 40 கிலோமீற்றர். பதுளையிலிருந்து கொழும்புக்கான புகையிரதப் பாதையோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர். விழிப்புலனற்ற பிள்ளையை அத்தனை தொலைவிலுள்ள விடுதிப் பாடசாலைக்கு அனுப்புவதா, அன்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பது நாட்கூலியில் வாழும் பெற்றோருக்கு இலகுவான தீர்மானமல்ல. வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் கல்வியைக் கொண்டுவரக்கூடிய கருவி இன்று ஒரு கைத்தொலைபேசியின் அளவில் உள்ளது. அதற்குள் இருக்கும் பாடங்கள் வாசிக்கத்தக்கனவாக இருந்தால்தான் அதில் பயனுண்டு.

இது கல்வியோடு நின்றுவிடும் விடயமுமல்ல. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவு மூடியதை எவரும் மறந்துவிட முடியாது. மண்சரிவு எச்சரிக்கை வர்ணந் தீட்டிய வரைபடமாக மாத்திரம் வெளியிடப்படுமாயின், அதே மலைச்சரிவில் உறங்கும் விழிப்புலனற்றவரை அது எவ்வாறு எட்டும்? பிரதேசத்தின் பெயரும் எச்சரிக்கையின் தரமும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தாக உடனிருந்தால், தொலைபேசி அதை உரக்க வாசித்துவிடும். உயிருக்கும் இழப்புக்கும் இடையே சில வரிகள்தான் நிற்கின்றன.

இலங்கை 1996ஆம் ஆண்டிலேயே அங்கவீனமுற்றோரின் உரிமைகளுக்கெனச் சட்டம் இயற்றிய நாடு. 2016ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை ஏற்றுறுதி செய்தது. விழிப்புலனற்றோருக்காக நூல்களைப் படிக்கத்தக்க வடிவில் மாற்ற அனுமதிக்கும் மராகேஷ் உடன்படிக்கையிலும் அதே ஆண்டில் இணைந்தது. எழுத்தில் குறைவில்லை; நடைமுறையிலேயே குறை உள்ளது. மாகாண, பிரதேச மட்டத்து நிறுவனங்கள் தமது அறிவித்தல்களை ஒருங்குறி எழுத்தில் வெளியிடுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. பள்ளிவாசல் நிருவாக சபைகளும், ஆலய பரிபாலன சபைகளும், தோட்டத் தொழிற்சங்கங்களும் தாம் பகிரும் செய்திகளில் இதனைக் கடைப்பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இணையத்தளத்தைத் திறந்து வைக்குமுன் அதனை விழிப்புலனற்ற ஒருவரின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 1829இன் கோடுகளை 1837இல் நீக்கியவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நறுமணம் பெறும் ஊவாத் தேயிலையை உலகம் அறியும். கொழுந்தின் முதிர்வை விரலாலேயே அறிந்து பறிக்கும் தாய்மாரின் கைகளை அந்த உலகம் அறியாது. விரல்களுக்கும் அறிவுண்டு என்பதை அத்தாய்மாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களது பார்வையற்ற பிள்ளைகளின் விரல்களும் செவிகளும் அறிவுக்காகக் காத்திருக்கின்றன. லூயி பிரெயிலின் முறையை ஏற்க அவர் கற்ற நிறுவனத்துக்கு 30 ஆண்டுகள் சென்றன. அதற்குள் அவர் மறைந்துவிட்டார். ஊவாவின் பிள்ளைகளையும் அவ்வாறு காத்திருக்க வைக்கலாகாது.